போட்டை விற்காத பவழம்

லைட்ஹவுஸ் குப்பத்தில் கலைவாணியைத் தேடி வீட்டுக்குப் போனால் பூட்டுதான் வரவேற்கும். கருவாடு காயப்போடும் மணல்வெளிக்குப் போக வேண்டும். நெத்திலி பரப்பிய வலைகளுக்கு நடுவே, சேலைத் தலைப்பை வெயிலுக்கு முக்காடாகப் போட்டுக்கொண்டு, ஃபோனை வாய்க்கு நேராகப் பிடித்து ஒருத்தி காதல் வசனம் பேசிக்கொண்டிருந்தால் அவள்தான் கலைவாணி. மீன் கை, உப்புக் கை. தொட்டால் ஃபோனுக்குப் புரிவதில்லை. அதனால் அவள் வாயால் சொல்லுவாள், ஃபோன் எழுதிக்கொள்ளும். காக்கை கத்தினால் அதையும் ஒரு வார்த்தையாக்கி நடுவில் சேர்த்துவிடும். சாயங்காலம் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து, கதைக்குள் புகுந்த காக்கைகளைப் பொறுக்கி வெளியே போடுவது தனி வேலை.

ஒருமுறை ஐஸ் வண்டி டிரைவர் ஒருவர் அவள் புருஷன் ரஞ்சித்தைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, தப்பா நெனச்சுக்காதே. அண்ணி யாரோ ஜெரோம்னு ஒருத்தன்கிட்ட ஃபோன்ல பேசினு இருந்தாங்க. 'நீ வராத நாள்ல எஞ்சின் சத்தமே புடிக்கல ஜெரோம்'னு..." என்று இழுத்தார்.

ரஞ்சித் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவனா? தெரியும், தெரியும். எண்ணூர்க்காரன். இன்னும் வாயத் தொறந்து கேக்க மாட்றான் பாரு, எனக்கே கடுப்பா கீது" என்றான்.

ஜெரோம் அவளுடைய தொடர்கதை நாயகன். படகு எஞ்சின் மெக்கானிக். கதாநாயகி பவழம், ஒரு ஃபைபர் போட்டுக்குச் சொந்தக்காரி. ஒவ்வொரு தடவை பவழத்தின் எஞ்சினைச் சரிபார்க்க வரும்போதும் ஜெரோம் ஒரு நட்டை மட்டும் கொஞ்சம் லூசாக விட்டுவிட்டுப் போவான், மறுபடி கூப்பிடுவார்கள் என்று. 'முகத்துவாரம் மூடும் முன்னே' என்று கதைக்குப் பெயர். ஃபோனில் கதை படிக்கிற செயலி ஒன்றில் வாராவாரம் வந்தது.

கலைவாணி பிறந்ததும் இதே குப்பம், வாழ்க்கைப்பட்டதும் இதே குப்பம். பிளஸ் டூ முடித்ததும் பொன்னேரியில் காலேஜ் சேர ஆசைப்பட்டாள். அவள் நைனா குப்பன், "பஸ்சு மாறிப் போவணும், வாணாம்" என்று சொல்லிவிட்டார். காலேஜ் போவதற்குப் பதிலாகப் பழவேற்காட்டு நூலகத்தில் இருந்த காதல் நாவல்களை ஒன்றுவிடாமல் படித்தாள். படித்து முடித்தபோது அவளுக்கு ஒரு குறை. அத்தனை கதாநாயகிகளில் ஒருத்திகூட மீன் கழுவவில்லை. எல்லாரும் பால்கனியில் நின்று காபி குடித்தார்கள். கடல் வந்தால்கூட, நடந்து போய் அலையில் கால் நனைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். சரி, நாமே எழுதிப் பார்ப்போம் என்று அவள் உட்கார்ந்தது அப்படித்தான்.

பவழத்துக்கு அசல் ஒருத்தி இருந்தாள். அவள் பெயர் ருக்கு. கலைவாணியைவிடச் சில வயது மூத்தவள், மணல்வெளியில் பக்கத்து வலைக்காரி. ருக்குவின் புருஷன் மாரடைப்பில் போனபோது ஊரே அவளிடம் போட்டை விற்றுவிடச் சொன்னது. மைத்துனர்கள் சொன்னார்கள், கூடப் பிறந்தவன் சொன்னான், வாங்க வந்தவன் டீயும் வாங்கிக் கொடுத்துச் சொன்னான். ருக்கு விற்கவில்லை. ஆள் வைத்துத் தொழிலுக்கு அனுப்பினாள். விடியும்போது கரையில் நின்று போட்டு திரும்புகிற வரை கண்ணை எடுக்காமல் பார்ப்பாள். வந்ததும் ஏலத்தில் அவள் குரல்தான் மேலே கேட்கும்.

இதைக் கதையாக எழுதட்டுமா என்று கலைவாணி கேட்டபோது ருக்கு கொஞ்ச நேரம் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"எழுது. லவ்வு கிவ்வு எது வேணும்னாலும் வெச்சுக்கோ. ஆனா ஒண்ணு. கதைல அவ போட்ட விக்கக் கூடாது."

"விக்க மாட்டா ருக்குக்கா."

"யாரு இன்னா சொன்னாலும்?"

"யாரு இன்னா சொன்னாலும்."

அவ்வளவுதான். ருக்கு தன் வாழ்க்கையில் நடந்ததையெல்லாம் சொன்னாள், கலைவாணி அதற்குள் ஒரு ஜெரோமைச் சேர்த்தாள்.

கதை நன்றாக ஓடியது. எங்கிருந்தோ யார் யாரோ படித்தார்கள். அதிலும் ஒரு அத்தியாயத்துக்கு வந்த கருத்துகள் ஃபோனை நிரப்பின. அந்த அத்தியாயத்தில் ஜெரோம் ஒருவழியாகத் தைரியம் வந்து, நேரில் கேட்கப் பயந்து, எஞ்சின் மூடிக்குள் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போகிறான். 'ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லவில்லை என்றால் உனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.' பவழம் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நேராக எண்ணூருக்குப் போய், அவன் ஒர்க்ஷாப் வாசலில் நின்று கேட்கிறாள்: "நான் பேசலேன்னா சரின்னு ஆயிடுமா? எனக்கு வாயி இல்லியா? கெடு வெக்க நீ யாரு?"

இதைப் படித்துவிட்டு ருமானா என்று ஒரு பெண் செய்தி அனுப்பியிருந்தாள். 'அக்கா, நான் பழவேற்காடுதான். பொன்னேரி கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறேன். பவழம் சொன்னதுதான் சட்டமும். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்று ஒருத்தர் தன்னிஷ்டத்துக்கு நிபந்தனை போட முடியாது. கேஸ் போட்டாலும் பவழம் ஜெயித்திருப்பாள். அடுத்த அத்தியாயம் எப்போது?'

கலைவாணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாலத்தைத் தாண்டினால் பழவேற்காடு. அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போனவள், பள்ளிவாசல் தெருவில் விசாரித்து ருமானா வீட்டுக் கதவைத் தட்டிவிட்டாள். கையில் ஒரு பை நிறைய நண்டு. அன்றிலிருந்து இருவரும் சிநேகிதம்.

பிறகுதான் சினிமாக் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது.

ருமானா வேலை பார்க்கும் சீனியர் வக்கீலின் ஆபீஸ் பொன்னேரியில் கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் இருக்கிறது. கலைவாணி மூச்சு வாங்க மாடியேறிப் போய் விஷயத்தைச் சொன்னாள். "சினிமாவுல கேட்டாங்க ருமானா. நான் ஒடனே கட்டைவிரல் போட்டுட்டேன்."

ருமானா எழுதிக்கொண்டிருந்த பேனா அப்படியே நின்றது. "கட்டைவிரலா? எதுக்குக் கட்டைவிரல்? இன்னா கேட்டாங்க, காட்டுங்க."

ஃபோனை வாங்கிப் பார்த்தாள். 'மேடம், உங்க கதை எங்க டைரக்டருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. படமா பண்ணலாமா?' அதற்குக் கீழே கலைவாணியின் மஞ்சள் கட்டைவிரல், நல்ல கம்பீரமாக நிமிர்ந்து நின்றது.

"தப்பிச்சோம்" என்று ருமானா நாற்காலியில் சாய்ந்தாள். "கதை உரிமைய எழுதிக் குடுக்கறதுன்னா எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். அதுவும் இல்லாம இதுல எந்த உரிமை, எவ்ளோ காலத்துக்குன்னு ஒண்ணுமே பேசல. எதுக்கு ஒத்துக்கிட்டோம்னே தெரியாத ஒப்பந்தம் ஒப்பந்தம் இல்லக்கா. ஆனா இனிமே எங்கிட்ட காட்டாம எதுக்கும் வெரலத் தூக்காதீங்க."

"அப்ப எப்பதான் ஒப்பந்தம் ஆவும்?"

ருமானா டீ சொல்லிவிட்டு விளக்க ஆரம்பித்தாள். கலைவாணிக்குச் சீக்கிரம் புரிய வேண்டுமென்று அவள் கதையையே எடுத்துக்கொண்டாள்.

"ஜெரோம் கேட்டான் பாருங்க, அது முன்மொழிவு. பவழம் சரின்னா அது ஏற்பு. ரெண்டும் சேந்தாதான் விஷயம். இப்ப கடைசி அத்தியாயத்துல அவன் 'எண்ணூருக்கு வந்துடு, கட்டிக்கலாம்'ங்கறான். அவ இன்னா சொல்றா?"

"'கட்டிக்கலாம், ஆனா நீ இங்க வா. கரைல ஷெட்டு போட்டுக்கோ'ன்றா."

"அது ஏற்பு இல்ல. எதிர் முன்மொழிவு. அவ அப்படிச் சொன்ன ஒடனே அவன் கேட்டது செத்துப் போச்சு. இப்ப ஒத்துக்க வேண்டியது அவன். ஒத்துக்கிட்டான், வந்துட்டான். சுபம்."

கலைவாணி தன் கதையில் இவ்வளவு நடந்திருக்கிறதா என்று வாயைப் பிளந்தாள்.

"அப்புறம் மறுபயன். ரெண்டு பக்கமும் ஏதாவது குடுக்கணும், இல்லே குடுக்கறேன்னு சொல்லணும். ஒருத்தர் மட்டும் குடுத்துட்டே இருந்தா அது அன்பளிப்பு."

"ஜெரோம் இன்னா குடுத்தான்? நட்டைத்தான் லூசா வுட்டான்."

ருமானாவுக்குப் புரையேறி, டீ மேஜைமேல் இருந்த கேஸ் கட்டில் தெறித்தது. துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாத்தையும்விட முக்கியமானது ஒண்ணு. ரெண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்துல புரிஞ்சுக்கிட்டு ஒத்துக்கணும். நீங்க மடவை மீன நெனச்சு சரின்னு, அவரு கொடுவா மீன நெனச்சு சரின்னா, அங்க சம்மதமே இல்ல."

கம்பெனி மேனேஜர் சீனிவாசன் அடுத்த வாரம் அதே ஆபீசுக்கு வந்தார். இனிமையான மனிதர். வந்ததும் கதையில் வரும் நண்டுக் குழம்பைப் பற்றித்தான் பேசினார். ஆனால் அவர் கொண்டுவந்த ஒப்பந்தம் அவரைப்போல இல்லை. ருமானா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லக் கலைவாணியின் கண் விரிந்தது. படம், நாடகம், புத்தகம், பாட்டு, பொம்மை, இனிமேல் கண்டுபிடிக்கப்படப்போகும் சாதனங்கள் எல்லாவற்றிலும் கதை கம்பெனிக்கே சொந்தம்.

"இன்னும் கண்டுபுடிக்காததுலகூடவா சார்?"

"அது வழக்கமா எல்லாத்துலயும் போடறது மேடம்" என்று சீனிவாசன் சிரித்தார்.

"கண்டுபுடிச்சதும் சொல்லுங்க, பேசிக்கலாம்" என்றாள் ருமானா. அந்த வரி அடிபட்டது.

கலைவாணி கேட்டது ஒன்றுதான். முடிவை மாற்றக் கூடாது. பவழம் போட்டை விற்கக் கூடாது.

சீனிவாசன் யோசித்தார், வெளியே போய் ஃபோன் பேசினார், திரும்பி வந்து முடியாது என்று தலையாட்டினார். "மேடம், டைரக்டர் கையக் கட்டிப்போட்டா படம் எடுக்க முடியாதுங்கறார். அது ஒண்ணு மட்டும் வேண்டாம். மத்தது எது வேணும்னாலும் கேளுங்க."

ருமானா அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "பிடிக்கலேன்னா எழுந்து போயிடலாம்க்கா. வேணாம்னு சொல்றதும் உங்க உரிமைதான்."

கலைவாணி சன்னலோரம் நின்றாள். கீழே சந்தில் கோர்ட்டுக்கு வந்தவர்கள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். திரையில் பவழம் நடந்து வருவதை அவள் மனசுக்குள் பல தடவை பார்த்துவிட்டிருந்தாள். அதை விட மனசு வரவில்லை. அது நிஜம். அதை அவள் தன்னிடமே மறைத்துக்கொள்ளவில்லை.

"படம் அவங்க இஷ்டம். புக்கு எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

அப்படியே எழுதினார்கள். பேசிய பணத்துக்குத் திரைப்படமாக எடுக்கும் உரிமை மட்டும் கம்பெனிக்கு. புத்தகமாக எந்த வடிவத்தில் வெளியிடுவதும் எழுத்தாளருக்கே. படத்தின் தொடக்கத்தில் ஊர்ப் பெயரோடு அவள் பெயர் வர வேண்டும். கலைவாணி எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

ஊருக்கு வந்ததும் ருக்குவிடம் சொன்னாள். "படத்துல கொஞ்சம் மாத்துவாங்களாம் ருக்குக்கா."

"மாத்தட்டும், சினிமாதான? பாட்டு வெப்பாங்க, ஃபைட்டு வெப்பாங்க. வெக்கட்டும்" என்று ருக்கு கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

படம் 'ஜெரோம் வெட்ஸ் பவழம்' என்ற பெயரில் வெளியானது. குப்பமே இரண்டு வேன் பிடித்துப் பொன்னேரி தியேட்டருக்குப் போனது. ருமானாவும் வந்திருந்தாள். 'கதை: கலைவாணி, லைட்ஹவுஸ் குப்பம்' என்று திரையில் எழுத்து வந்தபோது ரஞ்சித் அடித்த விசிலில், முன்வரிசைக் குழந்தை ஒன்று விழித்துக்கொண்டு அழுதது. கலைவாணிக்குக் காது சூடாகி, கண் கலங்கி, அடுத்த சில காட்சிகள் சரியாகத் தெரியவே இல்லை.

தெரிந்தபோது ஊர்க்காரர்கள் படத்தோடு தகராறு ஆரம்பித்திருந்தார்கள்.

"இது நம்ம கடலே இல்ல. இம்மாந் தென்ன மரம் எங்க கீது இங்க?"

"ஏம்பா, வலையே இல்லாம இன்னாத்துக்குப் போட்டு எடுத்துனு போறான்?"

"எஞ்சின் மேல ஒக்காந்து பாடறாங்க பாரு. சுடாதா?"

ரஞ்சித்துக்கு நடுக்கடல் சண்டை ரொம்பப் பிடித்துவிட்டது. கதையில் அப்படி ஒன்று கிடையாது. "நீ இத வுட்டுட்டியே கலை" என்று அவளிடமே குறைப்பட்டுக்கொண்டான். ஜெரோமின் சீட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கெடுவும் வந்தது. ஆனால் படத்துப் பவழம் எண்ணூருக்குப் போகவில்லை. சீட்டைப் படித்துவிட்டு வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தாள்; ஞாயிறு வந்தது, பாட்டும் வந்தது. "செல்லாது! செல்லாது!" என்று ருமானா சத்தமாகவே சொல்ல, முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

ஆனாலும் ஒரு காட்சி வந்தது. புருஷன் செத்த பிறகு பவழம் முதல் முறையாகக் கரையில் ஏற்றி வைத்த போட்டில் போய் உட்காருகிறாள். வசனம் இல்லை, இசையும் இல்லை. அவள் கை மட்டும், சும்மா, எஞ்சினைத் தொட்டுப் பார்க்கிறது. சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. கலைவாணி அந்த இடத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். பவழம் என்ன நினைத்தாள், எதை நினைத்தாள் என்று எல்லாம் எழுதியிருந்தாள். அந்த நடிகைப் பெண் ஒரே மூச்சில் அத்தனையையும் சொல்லிவிட்டாள். 'நான் இவ்ளோ பேசியிருக்க வேணாம்' என்று கலைவாணிக்குத் தோன்றியது. பொறாமை இல்லை, நல்ல எழுத்தைப் படித்த திருப்தி.

கடைசியில் பவழம் போட்டை விற்றாள். விற்றுவிட்டு, ஜெரோமின் புதுக் காரில் ஏறி, கண்ணாடியை இறக்கிக் குப்பத்துக்குக் கையசைத்தாள். தியேட்டரில் கைதட்டல். குப்பத்து வரிசைகளில் மட்டும் ஒருத்தரும் தட்டவில்லை.

வேன் திரும்பி வரும்போது ருக்கு கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பாலம் வந்ததும் முன்னால் சாய்ந்து கலைவாணியின் தோளைத் தட்டினாள். பிறகு கேட்டாள்: "நான் எங்கடி போட்ட வித்தேன்?"

"மாத்துவாங்கன்னு சொன்னேனே ருக்குக்கா."

"பாட்டு வெப்பாங்கன்னுதான நெனச்சேன். என்னையே மாத்துவாங்கன்னா நெனச்சேன்?"

அடுத்த நாளிலிருந்து ருக்கு தன் வலையை மணல்வெளியின் மறுகோடிக்கு மாற்றிக்கொண்டாள். கலைவாணி ஃபோனை எடுத்தால் வார்த்தை வரவில்லை. காக்கைகள் மட்டும் பேசின.

ருமானாவிடம் போய்ப் புலம்பினாள். "நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. நான் ஒண்ண நெனச்சு சொன்னேன், ருக்குக்கா ஒண்ண நெனச்சு சரின்னாங்க. அப்ப அந்தச் சம்மதம் செல்லாதுல்ல?"

"நீங்க ரெண்டு பேரும் பேசினது ஒப்பந்தமே இல்லக்கா. சிநேகிதத்துல குடுத்த வாக்கு. கோர்ட்டு அதுக்குள்ள வராது."

"கோர்ட்டு வராட்டி இன்னா? ருக்குக்கா தெனம் எதுர்ல வர்றாங்களே."

ருமானா பேனாவை மூடினாள். கொண்டுவந்த பிரியாணியை எடுத்து முன்னால் வைத்தாள்.

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் கலைவாணி நெத்திலி அலசிக்கொண்டிருந்தபோது அவள் முன்னால் மணலில் ஏதோ பொத்தென்று விழுந்தது. நிமிர்ந்தால் ருக்கு. விழுந்தது ஒரு புத்தகம். பளபளவென்று மேலட்டையில் நடிகையும் நடிகரும் சிரித்தார்கள். 'ஜெரோம் வெட்ஸ் பவழம். நாவல்: கலைவாணி.'

"சினிமாவ வுடு. அது அவுங்களுது. இது புக்கு. ஒம் பேரு போட்டுக் கீது" என்றாள் ருக்கு. பொன்னேரி பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்கியதாம்.

கலைவாணி ஈரக் கையோடு புரட்டினாள். படத்திலிருந்து எடுத்த போட்டோக்கள். நடுநடுவே யாரோ எழுதிய வரிகள். அவள் எழுதியது ஒன்றுகூட இல்லை. கடைசிப் பக்கத்தில், 'பவழம் மகிழ்ச்சியோடு படகை விற்றாள்' என்று இருந்தது. கலைவாணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"ருக்குக்கா, இது நான் எழுதல. சாமி மேல சத்தியமா இது நான் எழுதல. நீ கெளம்பு."

"எங்க?"

"வக்கீலம்மாகிட்ட."

இருவரும் மீன் வாசனையோடு அப்படியே பஸ் ஏறினார்கள். ருமானா ஒப்பந்தத்தை எடுத்து விரித்து, புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. "அக்கா, முடிவ மாத்தினது அவங்க உரிமை, அத நீங்க குடுத்துட்டீங்க. அதுல நாம ஒண்ணும் பண்ண முடியாது. புக்கு போடற உரிமைய நீங்க குடுக்கல. குடுக்காதத எடுத்திருக்காங்க. ஒப்பந்தத்த மீறிட்டாங்க."

அன்றே கம்பெனிக்கு நோட்டீஸ் போனது. பதில் வருவதற்குப் பதிலாகச் சீனிவாசன் ஃபோனில் வந்தார். ஆபீசுக்கு வரச் சொன்னார். மூவரும் ரயிலேறிச் சென்னைக்குப் போனார்கள்.

சீனிவாசன் நிஜமாகவே சங்கடப்பட்டார். "விளம்பரத்துக்குன்னு வேற டிபார்ட்மெண்ட்ல அடிச்சுட்டாங்க மேடம். ஒப்பந்தத்தை அவங்க பாக்கவே இல்ல. இவங்க யாரு?"

"பவழம்" என்றாள் கலைவாணி.

சீனிவாசன் எழுந்து நின்றார். "உக்காருங்கம்மா."

ருக்கு உட்கார்ந்தாள். சுற்றிலும் ஒட்டியிருந்த போஸ்டர்களைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஏன் சார் போட்ட வித்தீங்க?"

"அது வந்தும்மா... டைரக்டருக்கு ஒரு ஹேப்பி எண்டிங் வேணும்னு..."

"வித்துட்டுப் போனா ஹேப்பியா? நான் போவல. நல்லாத்தான கீறேன்?"

சீனிவாசன் அவளைப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தாள்.

"இழப்பீடு கேக்க எங்களுக்கு உரிமை இருக்கு சார்" என்று ருமானா வேலைக்கு வந்தாள். கலைவாணி பக்கம் திரும்பி, "அக்கா, மீறாம இருந்திருந்தா நீங்க எங்க இருந்திருப்பீங்களோ, அங்க கொண்டு போய் வைக்கறதுதான் இழப்பீட்டோட நோக்கம். உங்களுக்கு இன்னா வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

கலைவாணி வழியெல்லாம் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். "இந்தப் புக்க எல்லாக் கடைலருந்தும் எடுத்துடுங்க. எங் கதைய, நான் எழுதினது எழுதின மாதிரி, நீங்களே அடிச்சு, இது எங்கெங்க தொங்கிச்சோ அங்கயெல்லாம் தொங்க வுடுங்க. உரிமை எங்கிட்டயே இருக்கும். அட்டைல அந்தப் பொண்ணு போட்டோ இருக்கலாம். போட்டுல தனியா ஒக்காந்திருக்குமே, அது. அந்த ஒரு சீனு என்னவிட நல்லா பண்ணியிருக்கீங்க."

சீனிவாசன் உள்ளே போய் முதலாளியிடம் பேசினார். திரும்பி வந்து சரி என்றார். ருமானா அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். இந்தத் தடவை தமிழில். கலைவாணி ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தாள். 'புதிதாகப் பேசுவதெல்லாம் இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே செல்லும்' என்ற வரியை இன்னொரு தரம் படித்துத் தலையாட்டினாள். அவளும் சீனிவாசனும் கையெழுத்துப் போட்ட பிறகு, ருமானா தாளை ருக்கு பக்கம் நகர்த்தினாள்.

"சாட்சிக் கையெழுத்து. நீங்கதான் போடணும் ருக்குக்கா."

ருக்கு சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக, இன்ஷியலோடு போட்டாள். ரயிலில் திரும்பும்போது கலைவாணியின் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். மறுநாள் காலை அவள் வலை மணல்வெளியின் பழைய இடத்தில் விரிந்திருந்தது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் புத்தகம் வந்தது. அட்டையில் போட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண், மேலே 'முகத்துவாரம் மூடும் முன்னே'. படம் பார்த்தவர்கள் வாங்கிப் படித்துவிட்டு ஃபோன் செய்தார்கள். பாதிப் பேருக்குப் படம் பிடித்திருந்தது, பாதிப் பேருக்குப் புத்தகம். ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு டீச்சர், ஜெரோம் குப்பத்துக்கே வந்துவிட்டதைப் படித்துவிட்டுத் தன் வீட்டுக்காரரிடம் இரண்டு நாள் சண்டை போட்டதாகச் சொன்னார். ரஞ்சித் இன்னமும் கடல் சண்டையைச் சேர்க்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ருக்கு தொடர்கதையாக வந்தபோது துண்டு துண்டாகக் காதில் வாங்கியதோடு சரி. முழுதாகப் படித்தது புத்தகத்தில்தான். மெதுவாகப் படித்தாள். போட்டு வருவதற்காகக் காத்திருக்கும்போது கரையில் நின்றபடி சில பக்கம், ஏலம் முடிந்ததும் சில பக்கம். முடித்த அன்று புத்தகத்தைக் கொண்டுவந்து கலைவாணியிடம் விரித்துக் காட்டினாள்.

"நல்லாத்தான் கீது. ஆனா இங்க தப்பு வுட்டுக் கீற. நான் மொத மொத ஆளு வெச்சு போட்டு அனுப்பின அன்னிக்கு வாடைக் காத்துன்னு எழுதிக் கீற. அன்னிக்குக் கொண்டல், கடல்லருந்து வர்ற காத்து. கரைல நின்னவளுக்குத் தெரியாதா? மொகத்துல அடிச்சுது."

கலைவாணி அந்த வரியை மறுபடி படித்துப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சீனிவாசனைக் கூப்பிட்டாள். அடுத்த பதிப்பில் ஒரு காற்றை மாற்ற வேண்டும் என்றாள்.

"காத்துதானே மேடம், மாத்திடலாம்" என்றார் அவர்.

"எழுத்துல அனுப்புங்க சார்" என்றாள் கலைவாணி.